பாதி விலைக்குக் கப்பல்

பதினோரு வருடம் வளைகுடாவில், நடுக்கடல் எண்ணெய்க் கிணறுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகும் கப்பலில் வேலை பார்த்தேன். துருவைச் சுரண்டுவேன், பெயிண்ட் அடிப்பேன், அடித்த இடத்திலேயே மறுபடியும் துருவைச் சுரண்டுவேன். உப்புக் காற்றில் இரும்பு என்ன பாடு படும் என்று என்னைவிடத் தெரிந்தவன் திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் எவனும் இருக்க முடியாது. அப்படிப்பட்ட நான்தான் அந்தக் காரியத்தைச் செய்தேன். இதை எழுதும்போதுகூட என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஊர் திரும்பியபின் ஷேர் பார்க்கும் பழக்கம் ஒட்டிக்கொண்டது. அதே தொழில் செய்யும் மும்பைக் கம்பெனி ஒன்று கண்ணில் பட்டது. சொந்தமாக இருபது கப்பல்களுக்கு மேல் வைத்திருந்தார்கள். எண்ணெய் விலை சரிந்ததில் ஷேர் விலை தரைக்கு வந்திருந்தது. உட்கார்ந்து கணக்குப் போட்டேன். கப்பல்களை விற்றுக் கடனை அடைத்தால் மிஞ்சுகிற தொகையில் பாதிகூட இல்லை, மொத்த ஷேர்களின் விலை. வழிகாட்டி மதிப்பில் பாதிக்கு ஆற்றுப் பாசன நஞ்சை கிடைத்தால் யாராவது விடுவார்களா? எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் பங்கு நிலத்தை விற்று அந்த ஷேரில் போட்டேன். ஆசை அடங்கவில்லை. தம்பியிடம் போனேன். வெளியூர் போகாதவன், எங்கள் இருவர் நிலத்தையும் அவன்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வேலை இல்லாம கப்பல் சும்மா நின்னா நஷ்டம் இல்லையாண்ணே?" என்று கேட்டான்.

"தண்ணி வராம நம்ம நெலம் ரெண்டு வருஷம் தரிசாக் கெடந்துச்சே, எங்கயாவது ஓடியா போச்சு? எண்ணெய் விலை ஏறுனா கப்பலும் அப்படித்தாண்டா."

அவன் வேறு எதுவும் கேட்கவில்லை. கப்பலில் இருந்தவன் நான். அவன் பங்கையும் விற்க, பத்திரப் பதிவு அலுவலகத்தில் நான் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான்.

நிலம் தரிசாகக் கிடந்தால் சோறு கேட்காது. கப்பல் கேட்கும். நங்கூரம் போட்டுச் சும்மா நின்றாலும் காவலாள், துறைமுக வாடகை, காப்பீடு, வங்கி வட்டி. நான் மதிப்புப் போட்ட இரும்பு மாதாமாதம் கரைந்தது. எண்ணெய் விலை திரும்ப ஏறத்தான் செய்தது. அதற்குள் கம்பெனி திவாலாகி வேறொருவர் கைக்குப் போய்விட்டது. பழைய ஷேர்கள் ரத்து என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. விலை இறங்கிவிட்டது என்றுகூடச் சொல்ல முடியாது, ஷேரே இல்லை. மூன்று நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. செத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

தம்பியிடம் சொல்லவில்லை. விலை கொஞ்சம் மந்தம் என்று முன்பு சொல்லி வைத்திருந்தேன், அதோடு நிறுத்திக்கொண்டேன்.

விற்ற நிலத்தையே, வாங்கியவரிடம் குத்தகைக்கு எடுத்து அவன் இப்போது பயிர் வைக்கிறான். போன குறுவைக்கு நடவு நடந்த அன்று போயிருந்தேன். சேற்றுக் காலோடு கரையேறி வந்தான்.

"வளைகுடாவுல சண்டையாம், எண்ணெய் விலை ஏறுதுன்னு டிவில சொல்றாங்க. நம்ம ஷேரும் ஏறியிருக்குமேண்ணே?"

"ம்."

"அவசரப்பட்டு வித்துடாதீங்க. நல்லா ஏறட்டும். பணத்தோட வந்தா நெலத்தைத் திருப்பித் தர்றேன்னு வாங்குனவரு சொல்லியிருக்காரு. எப்படியும் நமக்குத்தானே வரப்போவுது, அதான் கடன வாங்கி, தண்ணி ஏறாம கெடந்த அந்த மேட்டை வெட்டிச் சமன் பண்ணிட்டேன். பாருங்க."

பார்த்தேன். தண்ணீர் எல்லா இடத்திலும் ஒரே அளவாக நின்றது.

"நல்லாப் பண்ணியிருக்கடா" என்றேன்.