பிள்ளையாருக்குச் சொல்லாத கூட்டம்

கம்பெனிகளுக்குப் பதிவு, கூட்டம், தீர்மானம் என்று காகிதம் தயாரித்துக் கொடுப்பது என் பிழைப்பு. பதிவு அலுவலகமே இல்லாத காலத்தில் நம் வியாபாரிகள் எப்படிக் கூட்டு சேர்ந்தார்கள், எப்படித் தருமம் நடத்தினார்கள் என்று பார்க்க ரொம்ப நாளாக ஆசை. பொங்கல் முடிந்ததும் காரைக்குடிக்கு ரயில் ஏறிவிட்டேன்.

தங்கியது கோவிலூர் சாலையில், பழைய வியாபாரிகள் சங்கம் ஒன்று கட்டிய தரும விடுதியில். பழனிக்கு நடந்து போகிறவர்களுக்குத் தங்கலும் சாப்பாடும் இலவசம்; என்னைப் போல் ஊர் சுற்றிகளுக்கு நாளுக்கு முந்நூறு ரூபாய். மூன்றாம் அறையில் படுத்தால் கூரை வழியே வானம் தெரியும்.

போன அன்றே விடுதிக் கூடத்தில் சங்கக் கூட்டம்; நானும் ஓரமாக உட்கார்ந்துகொண்டேன். விடுதியை ஒரு ஹோட்டல் கம்பெனிக்குக் குத்தகைக்கு விடுவதா என்பதுதான் பேச்சு. விட்டுவிடலாம், கூரையைச் சரிசெய்ய வேறு வழியில்லை என்றார் செயலாளர் வள்ளியப்பன். விட்டால் நடந்து வருகிறவர்கள் எங்கே போவார்கள் என்றார் விடுதிச் சமையலைக் கவனிக்கும் மீனாள் ஆச்சி. ஆச்சி பள்ளியில் இயற்பியல் ஆசிரியையும்கூட. கைகள் வள்ளியப்பன் பக்கம் உயரத் தொடங்கியபோது ஆச்சி எழுந்தார்.

“அண்ணே, பிள்ளையாருக்குச் சொன்னீகளா?”

உயர்ந்த கைகள் இறங்கிவிட்டன. இந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்கள் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாரை முதல் பங்காளியாகச் சேர்த்தார்களாம். அவர் பங்குக்கு வந்த லாபத்தில் கட்டியதுதான் விடுதி. எந்தக் கூட்டமானாலும் அழைப்பை முதலில் அவர் சன்னதியில் வாசித்த பிறகே மற்றவர்களுக்கு அனுப்புவது வழக்கம். வள்ளியப்பன் இந்த முறை எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். பிள்ளையாரிடம் வாட்ஸ்அப் இல்லை.

குத்தகை பேச வந்திருந்த ஹோட்டல் கம்பெனி ஆள் சிரித்தார். “சாமிக்கு எத்தனை ஓட்டு சார்?”

“ஓட்டெல்லாம் இல்ல தம்பி. ஆனா அவருக்குச் சொல்லாட்டி எங்களுக்கும் ஓட்டு இல்ல” என்று வள்ளியப்பன் கூட்டத்தைக் கலைத்துவிட்டார். நோட்டீஸ் போகாத கூட்டம் செல்லாது என்று எத்தனை கம்பெனிகளோடு மல்லுக்கட்டியிருப்பேன்! ஒருவரும் இப்படி உடனே ஒத்துக்கொண்டதில்லை. எனக்குப் பொறாமையாகவே இருந்தது.

மறுநாள் காலை, புதிய அழைப்பை வாசிக்கப் போன வள்ளியப்பன் காரிலேயே பிள்ளையார்பட்டிக்குத் தொற்றிக்கொண்டேன். பன்னிரண்டு கிலோமீட்டர். வழிநெடுக அவர் தன் நியாயத்தைச் சொல்லிக்கொண்டு வந்தார். “சங்கத்து ஆளுக, சிங்கப்பூர்ல இருக்கவுக, சென்னையில இருக்கவுக, ஒருத்தரும் இங்குட்டு எட்டிப் பாக்கல. இடிஞ்சு விழட்டும்னு விடச் சொல்றீகளா?”

சன்னதியில் குருக்கள் தீபம் காட்டிவிட்டு ஒதுங்கினார். வள்ளியப்பன் புதிய அழைப்பை விரித்து, நாள், நேரம், இடம் வரை கணீரென்று வாசித்தார். அடுத்த வரி விடுதியை ஹோட்டலுக்குக் குத்தகைக்கு விடுவது பற்றி. அங்கே நின்றுவிட்டார். பின்னால் வரிசை நெருக்கியது. காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தலையில் குட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

“என்ன ஆச்சு?” என்றேன்.

“அவரு வீட்டு அடுப்ப அணைக்கப் போறோம்னு அவருகிட்டயே எப்படிம்மா வாசிக்கிறது?”

கோயில் வாசலிலேயே ஆச்சிக்குப் போன் போட்டார். “கூரைக்கு ஆள் பாக்கணும் ஆச்சி. சிங்கப்பூர்க்காரவுககிட்ட நீங்க பேசுங்க. நீங்க பேசுனாத்தான் பயப்படுவாக.”

போகிறவர்களுக்கு: பிள்ளையார்பட்டிக்கு நகரப் பேருந்து அடிக்கடி உண்டு. ஆட்டோ நானூறு கேட்பார்கள், முந்நூற்றைம்பதுக்கு வருவார்கள். மதியம் நடை சாத்திவிடுவதால் காலையிலேயே போய்விடுங்கள். விடுதியில் மூன்றாம் அறை இப்போதைக்கு வேண்டாம். சாப்பாட்டை மட்டும் விடாதீர்கள். பந்தியில் முதல் இலை ஆளில்லாமல் விரித்திருக்கும். இடம் காலி என்று உட்கார்ந்துவிடாதீர்கள். அது பங்காளியுடையது.