அவருக்கும் ஒரு பொட்டலம்

மதுரையிலிருந்து இலங்கைக்குக் குடும்பத்தோடு போனபோது, உடப்பு என்ற மீனவர் ஊரில் கோயில் திருவிழா நடந்துகொண்டிருந்தது. எங்களுக்கு அறை வாடகைக்குத் தந்த செல்வி, துணையாகக் கடைத்தெருவுக்கு வந்தாள். நெற்றியில் குங்குமம், கழுத்தில் தாலி. வீட்டுக்காரர் எங்கே என்று வந்த அன்றே கேட்டிருந்தேன். "கடலுக்குப் போனவர்" என்றிருந்தாள்.

மகள் ராட்டினத்திலிருந்து இறங்கியதும் கச்சான் அல்வா கடைக்குப் போனோம். எங்கள் ஊர்க் கடலை மிட்டாய்தான் அது.

"செல்வி வீட்டுக்காரருக்கும் தனியா ஒரு பொட்டலம் கட்டுங்க. வந்ததும் சாப்பிடட்டும்" என்றேன்.

கடைக்காரரின் கை அப்படியே நின்றது. அவர் செல்வியைப் பார்த்தார்.

"கட்டுங்க அண்ணே" என்றாள் அவள்.

திரும்பும் வழியில் மீன்பிடி வள்ளங்கள் எல்லாம் கரையேற்றிக் கிடந்தன. "இன்னைக்கு யாரும் போகலையா?" என்று கேட்டேன்.

"திருவிழா முடியுமட்டும் ஊர்ல ஒருத்தரும் கடலுக்குப் போறதில்ல அக்கா."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் கையைப் பிடித்தேன்.

"போன வருசம் காத்துக் காலத்துல போனவர். வள்ளம் மட்டுந்தான் கரைக்கு வந்துச்சு" என்றாள். "ஊர்ல எல்லாரும் அவரைப் பத்திக் கதைக்கிறதையே விட்டுட்டாங்க. நீங்கதான் அவர் வருவாருன்னு சொன்னீங்க."

மறுநாள் நாங்கள் விடைபெறும்போது அந்தப் பொட்டலம் அவர் சாப்பிடும் தட்டின் மேல் பிரிக்காமல் இருந்தது.

இந்நேரம் அவள் அதைப் பிரித்திருக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஆனால் அவள் இடத்தில் நான் இருந்தால், பிரித்திருக்க மாட்டேன்.