இரண்டாம் மணிக்குப் பிறகு

அந்தச் சபையில் அவருக்குத் தாழ்ப்பாள் என்று பட்டப்பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை; முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர் இல்லை. வாரத்தில் ஆறு நாள் தச்சுப்பட்டறை, ஏழாம் நாள் ஆலய வாசல். முதல் மணி அடித்தால் வருபவர்களுக்கு இடம் காட்டுவார். இரண்டாம் மணி அடித்தால் கதவைச் சாத்தித் தாழ் போடுவார். அப்புறம் மந்திரியே வந்தாலும் வெளியேதான். முப்பத்தொரு வருடமாக இதுதான் அவர் ஊழியம்.

"ரெண்டு நிமிஷம்தானே லேட்டு" என்று கெஞ்சுபவர்களுக்கு ஒரே பதில்தான் வைத்திருந்தார்: "பஸ்ஸு ரெண்டு நிமிஷம் நிக்குமா? ஆண்டவரை மட்டும் காக்க வைக்கலாமா?"

அவர் மனைவி அந்த வாசலை மிதித்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. மகளின் திடப்படுத்தல் ஆராதனை அன்று நடந்தது அது. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். மனைவிக்கு ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. மாற்று ஆள் வராததால் வேலை இழுத்துவிட்டது. சீருடையோடு ஓடி வந்தாள். இரண்டாம் மணி அடித்து ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. கதவிடுக்கில் அவர் அவளைப் பார்த்தார். சாத்தினார். ஊருக்கு ஒரு சட்டம், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு சட்டமா? கமிட்டிக்காரர்கள் முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். முழங்காலிட்டிருந்த மகள்தான் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மனைவி சண்டை போடவில்லை. சமைத்தாள், துவைத்தாள், பேசினாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அவருடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் போட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துகொண்டாள். "வரலையா?" என்று கேட்டால், "நான் லேட்டு" என்பாள். காலை ஆறு மணிக்குக் கேட்டாலும் அதே பதில்தான்.

இந்த வருடம் மகளின் கைக்குழந்தைக்கு ஞானஸ்நானம் என்று முடிவானது. மகள் சுற்றி வளைக்கவில்லை.

"அம்மா உள்ள வந்து நிக்கணும்ப்பா. வெளிய தள்ளினது நீங்க, கூட்டிட்டு வர்றதும் நீங்கதான்."

அதே வாரம், புதிதாக வந்திருந்த இளம் போதகர் அவரைக் கூப்பிட்டார்.

"போன ஞாயிறு ஒரு அம்மா வெயில்லயே நின்னுட்டுப் போனாங்க. இந்த விதி எதுக்குண்ணே?"

"ஆண்டவரைக் காக்க வைக்கக் கூடாதுன்னுங்கய்யா."

"யார் சொன்னது?"

தாழ்ப்பாள் யோசித்தார். யோசித்துப் பார்த்தால், சொன்னது அவரேதான்.

போதகர் பழைய தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் நகர்த்தினார். நாற்பது வருடத்துக்கு முந்தைய பக்கம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டிப் படித்தார். 'கதவின் கீல் அலறுவதால் பின்வரிசையில் ஜெபம் கேட்கவில்லை. கீல் சரியாகும்வரை இரண்டாம் மணிக்குப் பின் கதவு திறக்கப்படாது.'

அந்தக் கதவு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. தெருமுனைவரை அலறும். செல்லரித்த அதைக் கழற்றிப்போட்டு, தேக்கில் புதுக்கதவு செய்து, பித்தளைக் கீல் வைத்து மாட்டியவரே அவர்தான். மகளின் திடப்படுத்தலுக்கு இரண்டு வருடம் முன்பு.

"உள்ள இருக்கறவங்களுக்கு ஜெபம் கேக்கணும்னு போட்ட விதிண்ணே இது" என்றார் போதகர். "நல்ல விதிதான். வேலை முடிஞ்ச பிறகும் அதை நாம வீட்டுக்கு அனுப்பல."

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். வருடக்கணக்கைக்கூட மறைக்கவில்லை.

"அந்தக் கதவை மாட்டினது நீங்களேதானே?"

"நானேதான். தப்பு பண்ணிட்டேன். ஞாயித்துக்கிழமை வா. கதவு திறந்தே இருக்கும்."

"ஆண்டவர் காத்திருக்கார், ஆண்டவர் காத்திருக்கார்னு ஊர்பூரா சொன்னீங்க" என்றாள் அவள். "அன்னைக்குக் காத்திருந்தது நான்தான். பாட்டு கேட்டுச்சு. என் பொண்ணு பேரைக் கூப்பிட்டது மட்டும் கேக்கல."

ஆனாலும் ஞாயிறு வந்தாள். கதவு விரியத் திறந்திருந்தது. உள்ளே ஞானஸ்நானத் தொட்டியருகே மகள் குழந்தையோடு நின்றுகொண்டிருந்தாள். மனைவி நிலைப்படிக்கு வெளியே நின்று, கதவை ஒற்றை விரலால் தள்ளிப் பார்த்தாள். போனது, வந்தது. சத்தமே இல்லை.

"எண்ணெய் போடறீங்களா?"

"வருஷத்துக்கு ரெண்டு தடவை."

"நல்லாத்தான் பார்த்துக்கிறீங்க."

செருப்பைக் கழற்றப் போனாள். அப்போது இரண்டாம் மணி அடித்தது. அவருடைய வலது கை, அவரைக் கேட்காமலே, கதவைப் பிடித்துவிட்டது. ஒரு சாண் இழுத்தும்விட்டது. அதற்குப் பிறகுதான் அவருக்கே தெரிந்தது. கையை எடுத்தார்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"பரவாயில்ல, சாத்திக்குங்க" என்றாள். செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.

அன்று ஆராதனை முடியும்வரை கதவு திறந்தே கிடந்தது. தொட்டியருகே குழந்தையை ஏந்தி நின்ற மகள் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.