பிளக்கக்கா எழுதிக் கொடுத்த காகிதம்

என் சித்தியைப் பற்றி அந்த அலமாரிக் கம்பெனியில் இப்போது நாலு விதமாகப் பேசுகிறார்கள். வயசாகிவிட்டது, கை தடுமாறுகிறது என்கிறார்கள் சிலர். மேலே இருக்கிறவரைக் கவிழ்க்கத் திட்டம் போட்டாள் என்கிறார்கள் சிலர். செய்வதையெல்லாம் செய்துவிட்டு நல்ல பெயர் வாங்கப் பார்த்தாள் என்று ஒரு கூட்டம். சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பாள், பைத்தியக்காரி என்று இன்னொரு கூட்டம். நாலும் தப்பு. நடந்ததை நடந்தபடி யாராவது சொல்ல வேண்டாமா?

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, எங்களோடுதான் இருக்கிறாள். பதினாறு வருஷமாக அந்தக் கம்பெனியில் துளை போடும் மேஜைதான் அவளுக்கு. கீல், கைப்பிடி, தாழ்ப்பாள் என்று அலமாரிக் கதவில் எது ஏற வேண்டுமானாலும் முதலில் சித்தியின் டிரில் மெஷின் அங்கே போய் வந்திருக்கும். முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேல் சுருட்டி, கொண்டையை இறுக்கிக் கட்டி, வளையலைக் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் மெஷினைத் தொடுவாள். புதிதாக வந்த ஒருவன் கையுறை மாட்டிக்கொண்டு டிரில் பிடிக்கப் போனபோது, "கழட்டுடா அத. சுத்துற சாமான் மொதல்ல துணியத்தான் புடிக்கும், அப்புறம் உன் விரலையும் சேத்து இழுத்துக்கும்" என்று விரட்டியிருக்கிறாள்.

கம்பெனியில் அவளுக்குப் பெயர் பிளக்கக்கா. யார் கையில் மெஷினோடு நின்றாலும் "பிளக்கப் புடுங்குனியா?" என்று கேட்டுக் கேட்டு வந்த பட்டம். வீட்டிலும் அதே கதைதான். மிக்ஸியைக் கழுவப் போனால் கேட்பாள், இஸ்திரிப் பெட்டியை ஓரம் வைத்தால் கேட்பாள். போன் சார்ஜரை ஒயரைப் பிடித்து இழுத்தால், "உன் காதப் புடிச்சு இழுக்கட்டுமா?" என்பாள், இழுத்தும் காட்டுவாள். ஒரு நாள் அவள் சாமான் பையில் ரப்பர் பல்லி ஒன்றைப் போட்டு வைத்தேன். அலறுவாள் என்று கதவுக்குப் பின்னால் காத்திருந்தேன். அதன் வாலைப் பிடித்துத் தூக்கி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒயர் இல்ல. உன்னவிட ஆபத்து கம்மி" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவ்வளவு பெரிய அவமானம் எனக்கு அதற்கு முன் நடந்ததில்லை.

சனிக்கிழமை கடைசி அரை மணி நேரம் அவள் மேஜைப் பக்கம் யாரும் போகக்கூடாது. மெஷினின் காற்றுத் துளைகளில் அடைந்த மரத்தூளை பிரஷ்ஷால் தட்டி எடுப்பாள். ஒயர் கைப்பிடிக்குள் நுழைகிற இடத்தை விரலால் வளைத்து வளைத்துப் பார்ப்பாள். ஒயரின் தோல் வெடிப்பது அங்கேதான். உள்ளே தீப்பொறி கூடுதலாகத் தெரிந்தால், மோட்டாருக்குக் கரண்டு கடத்துகிற கார்பன் துண்டு தேய்ந்துவிட்டது என்று எழுதிப் போடுவாள். புதுக் கார்பன் வரும்வரை அந்த மெஷினை அவளும் தொட மாட்டாள், தொடுகிறவனையும் விட மாட்டாள்.

இதையெல்லாம்விட முக்கியமானது ஒரு கயிறு. டிரில் மெஷின் மூக்கில், துளை போடுகிற கம்பியான பிட்டை இறுக்கிப் பிடிக்கிற பகுதிக்கு சக் என்று பெயர். அதை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு சின்ன இரும்புச் சாவி உண்டு. அந்தச் சாவியை சக்கிலேயே மறந்துவிட்டு மெஷினை ஓட்டினால், அது கல் மாதிரிப் பறக்கும். அதனால் சித்தி ஆறு மெஷின்களிலும் ஒரு வேலை செய்து வைத்திருந்தாள். சாவியை ஒயரின் அந்தக் கோடியில், பிளக்குக்குப் பக்கத்தில், ஒரு சாண் நைலான் கயிற்றால் கட்டிவிட்டாள். பிட்டை மாற்ற வேண்டுமென்றால் சாவி வேண்டும். சாவி எட்ட வேண்டுமென்றால் பிளக்கைப் பிடுங்கியாக வேண்டும். எவ்வளவு அவசரமானாலும் வேறு வழி கிடையாது. பதினாறு வருஷத்தில் அந்த மேஜைகளில் ஒருவருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை.

அப்புறம் புது சூப்பர்வைசர் வந்தார். அவருக்கு சித்தி வைத்த பெயர் நிமிஷம். போனில் கடிகாரத்தை ஓட விட்டுக்கொண்டு மேஜை மேஜையாக நிற்பாராம்.

"பிட் மாத்த ஒன்னே கால் நிமிஷம் ஆகுது. யாரு இந்தக் கயித்தக் கட்டுனது?"

"நாந்தான் சார்."

"எதுக்கு?"

"பிளக்கப் புடுங்காம சாவி போடக்கூடாதுன்னு."

"அது எல்லாருக்கும் தெரிஞ்சதுதானம்மா. இங்க என்ன சின்னப் புள்ளைங்களா வேலை செய்றாங்க?"

"தெரியும் சார். அவசரத்துல கைக்கு ஞாபகம் இருக்காது. அதுக்குத்தான் கயிறு."

"கைக்கு ஞாபகமா? நல்லாருக்கும்மா உங்க பேச்சு" என்று சிரித்துக்கொண்டே, அட்டைப்பெட்டி அறுக்கிற கத்தியை எடுத்து ஆறு கயிற்றையும் வரிசையாக அறுத்தார். "இனிமே சாவி அவங்கவங்க பாக்கெட்ல. அவங்கவங்க பொறுப்பு." உண்மையைச் சொன்னால் மெஷின் ஓட்டுகிற மற்ற ஐந்து பேருக்கும் சந்தோஷம்தான். குனிந்து நிமிர்கிற வேலை மிச்சம். சித்தி மட்டும் ஒரு வாரம் வீட்டில் பாத்திரங்களை அடித்துக் கழுவினாள். இரண்டு தம்ளர் நெளிந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை மத்தியானம். அறுபது கதவு அன்றைக்கே முடிய வேண்டும் என்று உத்தரவு. விரல் வலிக்காமல் இருக்க சித்தி மெஷினின் லாக் பட்டனை அழுத்திவிட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பட்டனை அழுத்திவிட்டால் விசையிலிருந்து விரலை எடுத்தாலும் மெஷின் சுற்றிக்கொண்டே இருக்கும். திடீரென்று கரண்டு போனது. மெஷின் நின்றது, பட்டன் மட்டும் அழுந்தியபடியே இருந்தது.

நிமிஷம் கை தட்டினார். "யாரும் உக்காராதீங்க! கரண்டு வர்றதுக்குள்ள பிட்ட மாத்திடுங்க. வந்ததும் ஓட்டணும்."

சித்தி பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தாள். கரண்டே இல்லை, எதைப் பிடுங்குவது என்று நினைத்தாளாம். சாவியை சக்கில் போட்டுத் தளர்த்தினாள். புது பிட்டை எடுக்க டப்பா பக்கம் திரும்பினாள். கரண்டு வந்துவிட்டது.

சாவி போய் விழுந்தது எதிர் மேஜையில் கைப்பிடி பொருத்திக்கொண்டு நின்ற உசரத்தின் முகத்தில். ஆள் உயரம் என்பதால் அந்தப் பெயர். வேலைக்கு வந்து எட்டு மாதம், இன்னும் தற்காலிகம். சித்தி எங்கள் வீட்டில் செய்த பலகாரத்தை ஒளித்து எடுத்துப் போவது அவனுக்குத்தான் என்று எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். இடது புருவத்துக்கு மேலே கிழிந்து தையல் போட்டார்கள். கண் வீங்கி மூடிக்கொண்டது. வீக்கம் வடியாமல் பார்வை எப்படி என்று சொல்ல முடியாது என்றுவிட்டார் டாக்டர்.

வீட்டுக்கு வந்த சித்தி, உசரத்துக்கு அடிபட்டது என்று மட்டும் சொன்னாள். யார் மெஷின் என்று சொல்லவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. பிளக்கக்காவின் மெஷினாக இருக்கும் என்று யார் நினைப்பார்கள்?

ஞாயிற்றுக்கிழமை காலையில் நிமிஷம் ஒரு கோப்போடு வீட்டுக்கே வந்தார். கால் குட்டையான நாற்காலியை அவருக்கு எடுத்துப் போட்டேன். வேண்டுமென்றேதான். அதில் ஆடியபடியே பேசினார். அதுவரை "இந்தாம்மா" என்று கூப்பிட்டவர் அன்றைக்கு அக்கா என்றார்.

"அக்கா, இதுல ஒரு கையெழுத்து மட்டும் போடணும். சாட்சி மாதிரி. உங்க பேரு வேற எங்கயும் வராமப் பாத்துக்கிட்டேன்."

சித்தி வாங்கி இரண்டு முறை படித்தாள். "அனுமதி இல்லாம என் மெஷின எடுத்து ஓட்டுனான், பாதுகாப்புக் கண்ணாடியும் போடலன்னு உசரத்தப் பத்தி எழுதிருக்கு."

"ஆமாக்கா."

"அவன் என் மெஷினத் தொடவே இல்லையே சார்."

"அக்கா, அவன் தற்காலிகம். வேற எங்கயாவது சேந்துக்குவான். நீங்க பதினாறு வருஷம். யோசிச்சுப் பாருங்க."

"அவன் தப்புன்னு எழுதுனா ஆஸ்பத்திரிச் செலவ கம்பெனி ஏத்துக்குமா?"

நிமிஷம் நாற்காலியை நேராக்கப் பார்த்தார். "அது விதிப்படிதான்க்கா நடக்கும்."

"கண்ணு போச்சுன்னா?"

"நல்லதையே நினைப்போமே."

நல்லதை நினைக்கிறாராம்! படுத்துக் கிடப்பவன் தலையில் பழியை ஏற்றிவிட்டு, வேலையையும் பிடுங்கிக்கொண்டு, மருந்துக்கும் வழியில்லாமல் செய்துவிட்டு, நல்லதை நினைக்கிறாராம். அம்மா வாயைத் திறப்பதற்குள் சித்தி என்னைப் பார்த்தாள். "டேய், உன் நோட்டுலேருந்து ஒரு தாள் கிழி."

கிழித்துக் கொடுத்தேன். தரையில் உட்கார்ந்து எழுதினாள். இயந்திரம் என்பதில் எங்கே கால், எங்கே புள்ளி என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எங்கே தெரியும்? மெஷின் என்றே எழுதச் சொன்னேன். அவள் எழுதியது இவ்வளவுதான்:

"சாவி இருந்தது என் மெஷினில். கரண்டு போனதும் நான் பிளக்கைப் பிடுங்கவில்லை. லாக் பட்டனையும் எடுத்துவிடவில்லை. அது என் தப்பு. பிடுங்காமல் சாவி போட முடியாதபடி நான் கட்டி வைத்திருந்த கயிற்றை சூப்பர்வைசர் சார் அறுத்தார். கரண்டு வருவதற்குள் மாற்றச் சொன்னதும் அவர்தான். அடிபட்ட பையன் எதிர் மேஜையில் அவன் வேலையைச் செய்துகொண்டு நின்றான். அவன் பேரில் ஒரு தப்பும் இல்லை."

சாவியை விட்டது சித்திதான் என்று அப்போதுதான் எங்களுக்கே தெரிந்தது. அம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

நிமிஷம் படித்துவிட்டு எழுந்துவிட்டார். "உங்க தலையில நீங்களே மண்ண அள்ளிப் போட்டுக்கறீங்க!"

"என் தலைதான சார்? அவன் தலையில போடலயே."

"இத நான் கொண்டு போய்க் குடுக்க மாட்டேன்."

"உங்களக் குடுக்கச் சொன்னது யாரு?"

திங்கட்கிழமை அவளே மேலாளர் அறைக்குள் போய் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தாள். விசாரணை முடியும்வரை வர வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். பத்து நாள் வீட்டில் இருந்தாள். மேலாளர் மற்ற ஐந்து பேரையும் கூப்பிட்டுக் கேட்டதில், கயிறு அறுத்ததை இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். மற்ற மூன்று பேருக்கு, பாவம், கயிறு என்றால் என்னவென்றே தெரியவில்லை.

கடைசியில் உசரத்தின் வைத்தியத்தைக் கம்பெனி ஏற்றது. அவன் வேலையும் தப்பியது. சித்தியை பேக்கிங் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். இனி டிரில் மெஷினைத் தொடக்கூடாது. நிமிஷத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதுவும் உறைக்குள்ளே போட்டு ஒட்டி. சித்தியின் மாற்றலைப் பெயரோடு அறிவிப்புப் பலகையில் எழுதிப் போட்டவர்களுக்கு அவருக்கு மட்டும் உறை எங்கிருந்து கிடைத்தது? சாவியை சக்கில் விட்டது சித்தியின் தப்பு, சரி. அதை அவளே எழுதிவிட்டாள். கத்தியை எடுத்தவர் தப்பை அவரும் எழுத வேண்டாமா? ஆறு கயிறு அறுத்த கை ஒரு வரி எழுதாதா?

உசரம் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தான். கண் திறந்துவிட்டது, பார்வை இருக்கிறது. வெள்ளை இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. சித்தி அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள். அவனே அடுப்படி வாசலுக்குப் போய் நின்றான்.

"அக்கா, ஒரு டீ கிடைக்குமா?"

"நாந்தான்டா" என்றாள் சித்தி, சுவரைப் பார்த்துக்கொண்டு.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"சாவி எந்தப் பக்கத்துலேருந்து வந்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? எதிர்ல நின்னது நீங்க ஒருத்தர்தானே."

"அப்போ உன்கிட்ட வந்து கேட்டாங்கள்ல?"

"கேட்டாங்க. ஞாபகம் இல்லன்னுட்டேன்."

சித்தி கரண்டியோடு திரும்பினாள். "ஞாபகம் இல்லையா? அடப்பாவி! நீ அப்படிச் சொன்னதாலதான்டா அந்தாளு உன் பேர எழுதி எடுத்துட்டு வந்தான்! கண்ணு போயிருந்தா என்னடா பண்ணிருப்ப? யாரு உன்ன எனக்குக் காவல் நிக்கச் சொன்னது? ஆளு மட்டும் வளந்தாப் போதுமா? மேல கொஞ்சம் மூளையும் ஏற வேண்டாமா?"

"அக்கா, தையல் இழுக்குது. சிரிக்க வைக்காதீங்க."

"சிரிப்பு வேற வருதா உனக்கு?"

டீ பொங்கி அடுப்பில் வழிகிறவரை திட்டினாள். வழிந்ததற்கும் அவனையே திட்டினாள். அப்புறம் அவன் தாடையைப் பிடித்து, குனிய வைத்து, ஜன்னல் பக்கம் திருப்பினாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, விரல் படாமல், தையலை ஒவ்வொன்றாக எண்ணினாள். ஏழு.

"இன்னொரு தடவ எனக்காகப் பொய் சொன்னேன்னு வை," என்றாள், "எட்டாவது தையல நானே போடறேன்."