சாம்பிளாகப் போய்விட்ட நீலம்

ஒருவர் குனிந்து தூக்க வேண்டிய அளவுக்கு ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பஞ்சு, பஞ்சுக்குள் ஒரு தகர டப்பா, டப்பாவுக்குள் சுண்டுவிரல் உயரத்தில் ஒரு பழுப்புக் கண்ணாடிக் குப்பி. துபாய் ஜெபல் அலியில் எங்கள் கம்பெனிக் கிடங்கில் அதைப் பிரித்தபோது சுற்றி நின்றவர்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். அங்கே நீலம் என்றால் மூட்டை. ஃபோர்க்லிஃப்ட் வந்து தூக்க வேண்டிய சரக்கு. குப்பியின் அடியில் கிடந்த கருநீலப் பொடியோ நாலு பேர் நெற்றியில் விபூதியாகப் பூசக்கூடக் காணாது. ஜிங்க் தாலோசயனின் என்று அதற்குப் பெயர். அதை வரவழைத்தவர் லேப் அக்கா.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் வேதியியல் பட்டத்தோடு அங்கே விற்பனை வேலையில் இருந்தேன். எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். என் வேலையை எப்படிச் சொன்னாலும் அம்மாவுக்கு விளங்காது. “வெள்ளை வேட்டிக்குப் போடுற நீலம் விக்கிறான்” என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். பெரிய தவறு என்றும் சொல்ல முடியாது. பெயின்ட் கம்பெனிகளுக்கு நாங்கள் விற்றது மூலக்கூறின் நடுவில் செம்பை வைத்த நீலம். அதே குடும்பத்தில், செம்பு இருந்த இடத்தில் துத்தநாகம் உட்கார்ந்த நீலத்தைக் கேட்டு வந்தவர் அக்கா ஒருவர்தான்.

அக்கா யாழ்ப்பாணத்துக்காரர். ஷார்ஜாவில் ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் உதவியாளர்; வீடு பக்கத்திலேயே முவைலாவில். ஊரில் சண்டையால் பாதியில் நின்ற படிப்பை, ஒரு பேராசிரியரின் ஆதரவில், டூட்டி முடிந்த நேரங்களில் மறுபடி தொடங்கியிருந்தார். அந்தப் பேராசிரியர் கோடை விடுமுறையோடு தன் நாட்டுக்கே திரும்பப் போகிறவர். அதற்குள் சோதனையை முடித்துக் காட்டாவிட்டால் இந்த முறையும் படிப்பு பாதியில் நின்றுவிடும். இதை அக்கா ஒரு முறைதான் சொன்னார். அந்தச் சோதனையைப் பற்றியோ கேட்காமலே விளக்குவார்.

“ரெண்டும் பார்வைக்கு ஒரே நீலம்தான் தம்பி. ஆனா செம்பு, குடிச்ச வெளிச்சத்தைத் தனக்குள்ளயே சூடாக்கி முடிச்சுப் போடும். துத்தநாகம் அப்பிடியில்லை. சிவப்பு வெளிச்சத்தைக் குடிச்சிட்டுப் பக்கத்தில நிக்கிற ஒட்சிசனுக்குக் குடுத்திடும். அந்த ஒட்சிசன் போய்க் கிருமியைக் கொல்லும். இருட்டில விட்டா ஒண்டும் செய்யாது.” ஆக்சிஜனை அக்கா ஒட்சிசன் என்பார்.

யாரும் இருப்பு வைத்திருக்கும் சரக்கல்ல அது. கல்யாணப் பட்டுப் போல, சொன்ன பிறகுதான் செய்யத் தொடங்குவார்கள். செய்து, சுத்தப்படுத்தி, சான்றிதழோடு அனுப்புவதற்குள் அக்கா அடிக்கடி போன் செய்வார்.

“தம்பி, கப்பல் ஏறிட்டுதோ?”

“விமானத்துல வருதுக்கா.”

“அப்ப ஏன் நடந்து வாற மாதிரிக் கிடக்கு?”

ஒருவழியாக வந்து சேர்ந்தது. மறுநாள் காலை, கொண்டுபோய்க் கொடுப்பதற்காகக் கிடங்குக்குப் போனேன். குப்பியைக் காணவில்லை. கிடங்கைப் பார்த்துக்கொண்ட ஸ்டோர் அண்ணன் ராமநாதபுரம் பக்கத்து மனிதர். வாசலுக்கு வந்த எந்த பெயின்ட் கம்பெனி ஆளையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். சின்னப் பொட்டலம், சின்னப் பாட்டில் எல்லாமே அவர் கணக்கில் இனாம்.

“அந்தக் குட்டிப் பாட்டிலா? ஷார்ஜா பெயின்ட் கம்பெனிக்காரரு வந்தாரு. புது நீலம் எதுவும் இருக்கான்னாரு. சாம்பிளா குடுத்து விட்டுட்டேன்” என்றார். முகத்தில் அவ்வளவு திருப்தி.

“அண்ணே, அது சாம்பிள் இல்ல. மொத்தச் சரக்கே அதுதான்.”

அண்ணன் அப்படியே ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

அக்காவுக்குப் போன் செய்தேன். “எந்தக் கொம்பனி எண்டு சொல்லும். நானும் வாறன்” என்றார். நானும் அண்ணனும் பிக்கப்பில் ஷார்ஜா போய்ச் சேர்ந்தபோது அவர் எங்களுக்கு முன்பே வந்து வாசலில் நின்றார்.

அங்கே வண்ணம் சேர்க்கிறவர் தூத்துக்குடிக்காரர். எங்களைக் கண்டதும் குறை சொல்லத் தொடங்கினார். “என்ன சரக்குவே இது? எண்ணெயில சேரவே மாட்டேங்கு. ஒங்க பழைய நீலம் எவ்வளவோ தேவல.” ஒரு சிட்டிகையை எண்ணெயில் அரைத்துப் பார்த்துவிட்டு, மிச்சத்தைக் குப்பியோடு ஜன்னலில் வைத்திருந்தார். அதன் மேல் நல்ல வெயில்.

“காஞ்சு கெட்டுப்போயிருக்குமாக்கா?” என்றார் அண்ணன்.

“இந்தத் தூள் வெயிலுக்குக் கெடாது அண்ணை.” அக்கா தூத்துக்குடிக்காரரின் பக்கம் திரும்பினார். “எந்தக் கரண்டியால எடுத்தனீங்கள்?”

அவர் எடுத்துக் காட்டினார். கைப்பிடி முதல் நுனி வரை செம்பு நீலம் அப்பிய கரண்டி. குப்பிக்குள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதைக் கண்ணால் சொல்ல யாராலும் முடியாது.

அக்கா ஒரு பெயின்ட் டின்னின் மேல் உட்கார்ந்தார். “ஷெல்லடிக்குத் தப்பினன். ஒரு கரண்டிக்குத் தப்பேல்லை” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. தூத்துக்குடிக்காரர் என்ன செய்வதென்று தெரியாமல் டீ சொல்லி அனுப்பினார். டீ வருவதற்குள் அக்கா குப்பியை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தனக்கே சொல்வது போல, “லேப்பில கிடக்கிற கரைப்பான்ல துத்தநாகம் கொஞ்சமெண்டாலும் கரையும். செம்பு லேசில கரையாது, அடியில நிண்டிடும். வடிச்சுப் பார்ப்பம்” என்றார்.

அவரைக் கல்லூரியில் இறக்கிவிடப் போகும் வழியில் நான் அண்ணனைக் கடிந்துகொண்டே வந்தேன். அக்காதான் தடுத்தார். “விடும் தம்பி. இவரும் துத்தநாகம்தான். கைக்கு வந்ததைப் பக்கத்தில நிக்கிறவனுக்குக் குடுக்காம இருக்கேலாது.” அண்ணனுக்கு அது பாராட்டா திட்டா என்று கடைசி வரை விளங்கவில்லை.

அதன் பிறகு கிடங்கில் சாம்பிள் கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் “மாஃபி பாய், மாஃபி” என்று அரபியில் ‘இல்லை’ என்ற பதில்தான். என்னைப் பார்க்கும்போதெல்லாம் அண்ணன், “அக்கா போன் பண்ணுச்சா?” என்பார். இன்று அதே நீலத்தைக் கணினியில் தேடினால் விற்பவர்கள் வரிசையாக வந்து நிற்கிறார்கள். கேட்டால் மூன்றாம் நாள் மேசைக்கு வந்துவிடுகிறது. அதற்காக இப்படி ஒரு மனிதர் தூக்கம் கெட்டுத் திரிய வேண்டியதில்லை.

ஒரு வியாழக்கிழமை அக்கா எங்கள் இருவரையும் ஆய்வுக்கூடத்துக்கு வரச் சொன்னார். மேசையில் ஒரு வட்டக் கண்ணாடித் தட்டு. அதில் கிருமியை வளர்த்து, வடித்த நீலத்தை முழுக்க விட்டு, பாதியைக் கறுப்புக் காகிதத்தால் மூடிச் சிவப்பு விளக்கின் கீழ் வைத்திருந்தாராம். மூடியிருந்த பக்கத்தில் பாலாடை போலக் கிருமி படர்ந்திருந்தது. அண்ணன் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, வெளிச்சம் பட்ட பக்கத்தைக் குனிந்து பார்த்தார்.

“இந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லையேக்கா” என்றார் பயத்தோடு.

“ஒண்டும் இல்லாததுதான் அண்ணை எனக்கு வேணும்.”

சொல்லும்போதே அக்காவின் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கை ஒழியவில்லை. தட்டை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு பேராசிரியரின் அறையை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்.

“அண்ணை, கதவைத் திறந்து விடுங்கோ” என்றார்.

ஸ்டோர் அண்ணன் முன்னால் ஓடினார்.