கையெழுத்துப் போட்டவன் ஏறணும்

எங்கள் வீட்டில் எதை மாட்டினாலும் எதைப் பழுது பார்த்தாலும் அப்பாதான் முதல் பலி. தாத்தா டெக்ஸாஸில் வந்து இறங்கிய கையோடு போட்ட சட்டம் அது. அப்பா எனக்காக பேக்யார்டில் ஊஞ்சல் கட்டினார். பெட்டியில் வந்த கம்பிகளையும் நட்டுகளையும் ஒரு சனிக்கிழமை முழுக்கத் திட்டிக்கொண்டே முடுக்கினார். முடிந்ததும் நான் ஓடிப்போய் உட்காரப் போனேன். தாத்தா கைத்தடியைக் குறுக்கே நீட்டிவிட்டார்.

"மாட்டுனது யாரு? மாப்பிள்ளைதான? அப்பம் மாப்பிள்ளை மொதல்ல ஆடட்டும்."

ரிச்சர்ட்சனில் ஒரு டெலிகாம் கம்பெனியில் ஒரு கூட்டத்தையே மேய்க்கிற அப்பா, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை ஊஞ்சலில் ஆடினார். வேலிக்கு அந்தப் பக்கம் நாயோடு நின்ற பக்கத்து வீட்டு அம்மாள் கை தட்டினாள். அப்பா முகத்தில் எள் போட்டால் பொரியும். எனக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

தாத்தா அம்மாவின் அப்பா. பாளையங்கோட்டைக்காரர். மீசை முளைக்கும் முன்பே வயதைக் கூட்டிச் சொல்லி, வெள்ளைக்காரனின் விமானப்படையில் ஃபிட்டராகச் சேர்ந்தவர். எஞ்சினைக் கழற்றி மாட்டுகிற வேலை. அப்போது அந்தப் படையின் இந்தியச் சிப்பாய்களுக்கு 'ஹவாய் சிப்பாய்', அதாவது இந்தியில் வான் சிப்பாய், என்று பெயராம். அதைக் கேட்கும்போதெல்லாம் நான் ஹவாய் செருப்பை நினைத்துக்கொண்டு உருளுவேன். அங்கிருந்து படிப்படியாக ஏறி, கடைசியில் தோளில் பட்டை குத்திய எஞ்சினியரிங் ஆபீசராக ரிட்டையர் ஆனார். அவர் படைப்பிரிவில் ஒரு வழக்கம் இருந்ததாம். எஞ்சினைச் சரி பார்த்து, இது பறக்கலாம் என்று எவன் கையெழுத்துப் போட்டானோ, அவனும் சோதனை ஓட்டத்தில் பைலட்டோடு ஏற வேண்டும். அதைத்தான் தாத்தா எங்கள் வீட்டு ஊஞ்சல் வரைக்கும் கொண்டுவந்திருந்தார்.

சாப்பாட்டு மேஜையில் தினமும் இந்தப் புராணம்தான். பர்மா எல்லையில் மண் கலந்த பெட்ரோலைத் தன் வேட்டியைக் கிழித்து வடிகட்டி எஞ்சினை ஓடவைத்ததும், கேலி செய்த துரையே மறுநாள் இன்னொரு வேட்டி கிடைக்குமா என்று ஆள் அனுப்பியதும், தான் அதனால் கார்ப்பரல் ஆனதும் எங்களுக்கு மனப்பாடம். "வெள்ளைக்காரன் கப்பல்ல ஏறுனான், நான் நாற்காலியில ஏறுனேன்" என்று கதையை முடிப்பார். ஆனால் கார்ப்பரல் எப்படி சார்ஜென்ட் ஆனார் என்பது மட்டும் அந்தக் கதையில் வரவே வராது. அப்பா விடுவாரா? அவர் கோயம்புத்தூர்க்காரர். குசும்பு கூடவே பிறந்தது.

"ஏனுங் மாமா, நடுவுல ஒரு படி காணமே? சார்ஜென்ட் ஆனது எப்படீங்க?"

"ஆனேன்" என்பார் தாத்தா. மோரை எடுத்துச் சோற்றில் ஊற்றிக்கொள்வார்.

"எந்தத் துரையைக் காக்கா புடிச்சாரோ உங்கப்பா" என்று அப்பா கிச்சனில் அம்மாவிடம் முணுமுணுப்பார். அம்மா பாத்திரத்தை ணங்கென்று வைப்பாள். மாமனாருக்கும் மருமகனுக்கும் நடுவில் அவள் பாடு மத்தளத்தின் பாடு.

அந்த வசந்த காலத்தில், ஃப்ரீவேயில் கொஞ்ச தூரம் போனால் வருகிற ஒரு சிறிய விமானத் திடலில் பழைய போர்க்கால விமானங்களைக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். அப்பா யாரிடமும் சொல்லாமல், இரட்டை இறக்கை விமானம் ஒன்றில் முன்னால் இரண்டு இருக்கைகளை புக் பண்ணிவிட்டார். ஒன்று தாத்தாவுக்கு, இன்னொன்று எனக்கு. வாயால் குத்தினாலும் மாமனாருக்கு ஒரு சந்தோஷம் கொடுக்க வேண்டும் என்ற ஆசை அப்பாவுக்கும் இருந்திருக்கிறது. விஷயம் தெரிந்ததிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன். திங்கட்கிழமை எல்லாருக்கும் முன்னால் நின்று சொல்வதற்கு என்று டீச்சரிடமும் இடம் பிடித்து வைத்திருந்தேன்.

திடலில் காற்று பிய்த்துக்கொண்டு போனது. மஞ்சள் விமானம் வெயிலில் நின்றது. தாத்தா கைத்தடியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அதைச் சுற்றி வந்தார். அவர் அப்படி நிமிர்ந்து நடந்து நான் பார்த்ததில்லை. எஞ்சினுக்கு அடியில் விரலை விட்டுத் துடைத்துப் பார்த்தார். விரலில் எண்ணெய். பக்கத்தில் நின்ற மெக்கானிக் தொப்பியைத் தூக்கிச் சிரித்தார். அந்தக் காலத்து எஞ்சின் எண்ணெய் ஒழுகாவிட்டால்தான் பயப்பட வேண்டும் என்றார். தாத்தாவும் சிரித்தார். அந்த மட்டுக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

அப்புறம்தான் தாத்தா தன் பழைய பட்டாள இங்கிலீஷில் கேட்டார், இதற்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று. தான்தான் என்றார் மெக்கானிக். அப்படியானால் நீங்களும் ஏறுகிறீர்கள்தானே என்றார் தாத்தா. மெக்கானிக் இன்னொரு முறை சிரித்தார். தனக்கு உயரம் என்றால் ஆகாது, பறப்பதெல்லாம் பைலட் பாடு என்றார்.

தாத்தாவின் சிரிப்பு நின்றுபோனது.

"பிள்ளை ஏறாது. நானும் ஏறல."

"மாமா, இது பட்டாளம் இல்லீங்க. இங்க டெய்லி பறக்குறாங்க."

"கையெழுத்துப் போட்டவன் கீழ நிக்கான் மாப்பிள்ளை. அவன் ஏறட்டும்."

"அப்பா, எல்லாரும் பாக்காங்க" என்று அம்மா அவர் காதோரம் கெஞ்சினாள்.

எல்லாரும் பார்க்கத்தான் செய்தார்கள். எங்களுக்குப் பின்னால் வரிசை நின்றது. பைலட் கடிகாரத்தைப் பார்த்தார். அப்பாவின் கழுத்து சிவந்தது. ஆசையாகச் செய்தது இத்தனை பேர் முன்னால் சந்தி சிரிக்கிறதே என்ற ஆத்திரம். "வேண்டாம்னா விடுங்க. நானும் பாப்பாவும் போறோம்" என்று சொல்லி, என்னைத் தூக்கி இறக்கையில் நிறுத்தினார். நான் தொபுக்கென்று இருக்கைக்குள் குதித்து பெல்ட்டைப் பிடித்துக்கொண்டேன். இனி எவன் வந்தாலும் இறங்குவதாக இல்லை.

அப்போது தாத்தா ஒரு காரியம் செய்தார். விமானத்தின் முன்னால் போய், ப்ரொப்பெல்லருக்கு நேர் எதிரே, இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். எஞ்சின் அப்போது ஓடவில்லை. ஆனாலும் எங்கோ ஒரு பெண் வீலென்று கத்தினாள். மெக்கானிக்கின் முகம் மாறியது. ஆரஞ்சுச் சட்டை போட்ட ஆள் ஒருவர் வாக்கிடாக்கியில் பேசிக்கொண்டே வேகமாக வந்தார். போலீஸைக் கூப்பிடப் போகிறார்கள், தாத்தாவைப் பிடித்துக்கொண்டு போய் விசாவைக் கிழித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்று எனக்குக் குலை நடுங்கியது. அதைவிடப் பெரிய பயம், சொல்ல வெட்கமாக இருக்கிறது, பறக்க விடமாட்டார்களே என்பதுதான்.

"தாத்தா, ப்ளீஸ் தாத்தா!" என்று இருக்கையிலிருந்தே அழுதேன். "ஒரே ஒரு தடவை தாத்தா! ஒரே ஒரு தடவை!"

தாத்தா என்னை நிமிர்ந்து பார்த்தார். அடிவாங்கியவர் மாதிரி அவர் வாய் திறந்து மூடியது. சரி, மனம் இளகிவிட்டது, ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன். அவர் ஆரஞ்சுச் சட்டைக்காரரிடம் மரியாதையாக ஒரு நிமிடம் கேட்டுக்கொண்டார். மெக்கானிக்கிடம் எஞ்சினின் பக்கவாட்டு மூடியைத் திறக்கச் சொன்னார். அந்த மனிதர் என்ன நினைத்தாரோ, திறந்து காட்டினார். தாத்தா கண்ணை மூடிக்கொண்டு உள்ளே கையை விட்டு ஒவ்வொரு குழாயாக, ஒவ்வொரு திருகாகத் தடவினார். பிறகு சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"நான் கை வச்சுப் பாத்தாச்சு. நான் ஏறுதேன். ஏட்டி, நீ எறங்கு."

"நோ! இட்ஸ் மை சீட்!"

"எறங்குட்டி!"

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அப்பாவே அடங்கிப்போனார். அக்குளில் கையைக் கொடுத்து என்னை உரித்து எடுக்கிற மாதிரி எடுத்து அம்மாவிடம் கொடுத்தார். தாத்தா என் இடத்தில் ஏறி உட்கார்ந்தார். என் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். என் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டார். அப்பா அவர் பக்கத்தில் உர்ரென்று உட்கார்ந்தார். எஞ்சின் இருமிக் கனைத்து உயிர் பிடித்தது. மஞ்சள் விமானம் புல்லில் குலுங்கிக்கொண்டே ஓடி மேலே போய்விட்டது.

நான் புழுதியில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். துரோகி, திருடன் என்று எனக்குத் தெரிந்த வசவையெல்லாம் இரண்டு மொழியிலும் தேடினேன். அம்மா சமாதானம் சொல்லவில்லை. அவள் கண் வானத்தை விட்டு இறங்கவில்லை. ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு இறங்கிவிடும் என்றுதான் சொல்லியிருந்தார்கள். விமானம் ஒரு சுற்று வந்தது. இறங்கவில்லை. மறுபடி வடக்கே திரும்பி, மேகத்துக்குள் புகுந்து மறைந்தது. வரிசையில் நின்றவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். மெக்கானிக் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை தானாக நின்றது.

கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அந்தச் சத்தமும் சட்டென்று தணிந்துபோனது. அம்மா தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "முருகா, ரெண்டு பேரும் ஒண்ணா இருக்காங்களே" என்றாள். எனக்கு சீட் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், அப்பா வந்தால் போதும், தாத்தா வந்தால் போதும் என்று அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேகத்துக்குக் கீழே மஞ்சளாக ஒரு புள்ளி தெரிந்தது. இறங்குவதற்காக பைலட் எஞ்சினைத் தணித்திருக்கிறார், அவ்வளவுதான். மெக்கானிக் தொப்பியைத் தலையில் போட்டுக்கொண்டு அம்மாவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

விமானம் வந்து நின்றதும் எனக்குக் கோபம் திரும்பிவிட்டது. சீட்டை இழந்தவள் நான்தானே! முதலில் இறங்கியவர் அப்பா. கண்ணெல்லாம் சிவந்திருந்தது. காற்றாக இருக்கும் என்று நினைத்தேன். அவர் திரும்பி, தாத்தாவை இடுப்போடு அணைத்து, கண்ணாடிச் சாமானை இறக்குகிற மாதிரி இறக்கினார். குனிந்து அவருடைய ஷூ லேஸைக் கட்டிவிட்டார். ஏறும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு போன மனிதரா இவர் என்று அம்மா வாயைப் பிளந்தாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேஜையில் அப்பா அந்தக் காணாமல்போன படியைப் பற்றிக் கேட்கவேயில்லை. மோரை அவரே எடுத்து ஊற்றினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை.

தாத்தா போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது. போன மாதம் அப்பா என் வீட்டுக்கு வந்திருந்தார். என் மகனுக்கு பங்க் பெட் வாங்கியிருந்தோம். அப்பாதான் உட்கார்ந்து மாட்டினார். மாட்டி முடித்ததும், யாரும் சொல்லாமலே, முட்டி வலியோடு ஏணியில் ஏறி மேல் கட்டிலில் படுத்துக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். "இன்னுமாப்பா தாத்தா சட்டம்?"

அப்பா சிரிக்கவில்லை. மேலே படுத்தபடியே, கூரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அன்று விமானத்தில் ஏறியதும் தாத்தா ஹெட்செட்டில் தமிழில் பேச ஆரம்பித்தாராம். பர்மா எல்லையில் ஒரு நாள், தாத்தா பழுது பார்த்த எஞ்சின். கையெழுத்தும் அவருடையது. ஏற வேண்டியவரும் அவர். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், ராமநாதபுரத்துக்காரன், அதுவரைக்கும் பறந்ததே இல்லை என்று காலைச் சுற்றிச் சுற்றி வந்தான். தாத்தா இரக்கப்பட்டுத் தன் இடத்தை அவனுக்குக் கொடுத்துவிட்டார். மலையில் மேகம். விமானம் திரும்பவில்லை; மலைச்சரிவில் சிதறிக் கிடந்ததைத்தான் கண்டுபிடித்தார்கள். விசாரணையில் எஞ்சின் மேல் ஒரு குறையும் இல்லை என்று தெரிந்தது. இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறவனா என்று துரை மெச்சினார். தாத்தாவை சார்ஜென்ட் ஆக்கினார்கள்.

"அழுதுட்டே சொன்னாரு. நடுவுல இறக்கிடக் கூடாதுன்னு நான்தான் பைலட்கிட்ட இன்னொரு ரவுண்டு கேட்டேன்" என்றார் அப்பா. பிறகு, "அந்தப் பையன் என்ன சொல்லிக் கெஞ்சினான் தெரியுமா? 'ஒரே ஒரு தடவைண்ணே'ன்னு" என்றார்.

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அன்று திடலில் நடந்த இன்னொன்று நினைவுக்கு வந்தது. தாத்தா விமானத்தை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம்தான் வந்தார். புழுதியில் மண்டி போட்டு என் தலையை, தோளை, இரண்டு கைகளை, முழங்காலை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். அவர் விரலில் மிச்சம் இருந்த எண்ணெய் என் சட்டையெல்லாம் ஒட்டியது. நான் விறைப்பாக நின்றேன். வானத்தில் சுற்றிவிட்டு வந்தவர் அவர்; தரையிலேயே நின்ற எனக்கு அடிபட்டிருக்கிறதா என்று அவர் எதற்குப் பார்க்கிறார் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.