கோழி எருப் போட்ட குளம்

அரிசியும் மாவும் தட்டுப்பாடாக இருந்த வருஷம். பசறைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், எங்கள் வீட்டு வரிசையான லயத்துக்குக் கீழே ஓடையோரமாக நானும் என் கணவரும் இரண்டு சின்னக் குளம் வெட்டி, திலாப்பியா மீன் வளர்த்தோம். எந்த முறை நல்லது என்று பார்க்க, ஒன்றில் வாரந்தோறும் கொஞ்சம் மாட்டுச் சாணம் கரைத்தோம். மற்றதில் அவர் கோழி எருவை மூட்டையாகக் கொட்டினார். அந்தத் தண்ணீர் சீக்கிரமே கரும்பச்சையானது. மீனும் அதில்தான் வேகமாகப் பெருத்தது.

"பாத்தியா, கோழி எருதான் ஜெயிச்சிருக்கு" என்று சிரித்தார்.

மழை மூட்டமாகவே இருந்த ஒரு வாரம். ஒரு நாள் விடிகாலையில், வேலைக்குப் பேர் பதியும் பெரட்டுக்குப் போகும் வழியில் எட்டிப் பார்த்தேன். சாணக் குளம் அமைதியாக இருந்தது. கோழி எருக் குளத்தில் மீனெல்லாம் மேலே வந்து வாயை நீட்டித் தவித்தன.

"ஏங்க, ஓடியாங்க! மீனெல்லாம் மூச்சு முட்டுது!"

அவர் வந்து, ஓடைத் தண்ணீர் குளத்துக்குள் பாய வரப்பை வெட்டிவிட்டார். லயத்துச் சனங்கள் வாளியில் நல்ல தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். சில மீன்கள் செத்தன. மற்றவை மெல்ல ஆழத்துக்குப் போயின.

அப்போது கரையோரம் ஒரு தாய்மீன் வாயைத் திறந்தது. உள்ளேயிருந்து கடுகு போலக் குஞ்சுகள் கூட்டமாக நீந்தி வந்தன! திலாப்பியா குஞ்சுகளை வாய்க்குள் வைத்தே காக்கும்; மூச்சுக்குத் தவித்த நேரத்திலும் அது அவற்றைத் துப்பவில்லை. அவர் வாளியோடு அப்படியே நின்றுவிட்டார்.

இப்போது எந்த எருவானாலும் கொஞ்சமாகத்தான் போடுகிறோம். முதலில் முழங்கை வரை கையைத் தண்ணீருக்குள் விட்டுப் பார்ப்பேன். உள்ளங்கை தெரியாவிட்டால் தண்ணீரில் பச்சை மிஞ்சிவிட்டது, வெயில் இல்லாத நாளில் மீனுக்கு மூச்சு முட்டும்; அன்று எரு கிடையாது.